வயற்காட்டு ரயில்: ஒரு மீட்டர் கேஜ் கிளைப் பாதையை மாதிரியாகக் கட்டி இயக்கிய அனுபவம்

மாதிரி ரயில் பாதை அமைக்க விரும்பி என்னிடம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள்: எவ்வளவு இடம் வேண்டும், எந்த இன்ஜினை வாங்கலாம். இரண்டுமே பின்னால் வரவேண்டிய கேள்விகள். அந்தப் பாதையில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை யார் ஏறி இறங்குவார்கள், எந்தச் சரக்கு எந்த மாதத்தில் வரும், அதை இறக்குவதற்கு வேகனை எங்கே நிறுத்துவார்கள் என்பதை முதலில் எழுதிக்கொண்டால், இடமும் இன்ஜினும் தாமாகவே முடிவாகிவிடும். காவிரிக் கழிமுகத்தின் மீட்டர் கேஜ் (இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர் அகலம்) கிளைப் பாதை ஒன்றை 1:87 அளவில் வீட்டின் ஒரு சுவரோரத்தில் கட்டி, சில ஆண்டுகளாக அதை அட்டவணைப்படி இயக்கிவரும் அனுபவத்திலிருந்து இதைச் சொல்கிறேன்.

எனக்கு அடிப்படையாக அமைந்தது மயிலாடுதுறை–தரங்கம்பாடி பாதை. 1926இல் திறக்கப்பட்டு 1986இல் மூடப்பட்ட அந்தப் பாதை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளமே கொண்டது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று வயலும் கோயிலுமாக இருக்கும் ஊர்களைத் தொட்டுச் சென்று கடற்கரையில் முடிந்தது. 1620இல் டேனியர் வந்து கோட்டை கட்டி, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன ஊர் தரங்கம்பாடி. ரயில் வந்து சேர்ந்தபோது அங்கே பழைய கப்பல் வணிகம் ஓய்ந்து வெகுகாலமாகியிருந்தது. கடலில் போய் முடிந்தாலும் அது வயற்காட்டு ரயிலாகவே வாழ்ந்தது என்பது என் எண்ணம். இந்த முடிவு மாதிரியின் வடிவத்தையே தீர்மானித்தது. கப்பல் துறை, பளுதூக்கி, சரக்கு யார்டு எதுவும் வேண்டாம். ஒரு நடைமேடை, இன்ஜின் வண்டியைச் சுற்றிவர லூப் என்னும் பக்கப் பாதை ஒன்று, ஒரு கூட்ஸ் ஷெட், ஓரமாக ஓர் இன்ஜின் கொட்டகை ஆகியவை போதும்.

தரங்கம்பாடி நிலையத்தை அளந்து அப்படியே செய்ய நான் முயலவில்லை. உண்மையான லூப் ஒன்று 300 மீட்டர் நீளம் இருந்தால், 1:87 அளவில் அது மட்டுமே ஏறக்குறைய மூன்றரை மீட்டர் ஆகிவிடும். என் சுவரின் மொத்த நீளமே அவ்வளவுதான். ஆகவே அதே நிலப்பரப்பில், அதே வகைப் பாதையில் இருந்திருக்கக்கூடிய ஒரு கடைசி நிலையத்தைக் கற்பனை செய்து, ‘உப்பங்கரை’ என்று பெயரிட்டேன். ஊர்தான் கற்பனை, அதன் வேலை உண்மையாக இருக்கவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். நீளங்களைச் சுருக்கலாம், பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், ஆனால் இன்ஜின் வண்டியிலிருந்து கழன்று, லூப் வழியாகச் சுற்றி, மறுமுனையில் வந்து மாட்டும்வரை உள்ள அசைவுகளில் ஒன்றைக்கூடக் குறைக்கக்கூடாது. கிளைப் பாதை நிலையத்தின் உயிரே அந்த அசைவுகளில் இருக்கிறது.

இப்படிச் சிறிய கடைசி நிலையம் ஒன்றையும், பார்வைக்கு மறைந்த ஒரு யார்டையும் மட்டும் இணைத்துக் கட்டும் முறை பிரிட்டனில் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வேரூன்றியது. சிரில் ஃப்ரீசர் போன்றவர்கள் சிறிய அறைகளுக்கேற்ற இத்தகைய வரைபடங்களைத் தொடர்ந்து வெளியிட்டார்கள். பீட்டர் டென்னி என்ற பாதிரியார் 1940களின் பிற்பகுதியில் தொடங்கிய பக்கிங்ஹாம் என்ற மாதிரிப் பாதை, அட்டவணையும் மணிக்குறியும் வைத்து இயக்கப்படுவதில் மற்றவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தது. வட்டமாகச் சுற்றிச்சுற்றி வரும் பாதையைச் சிறிது நேரம் பார்த்தால் போதும் என்றாகிவிடுகிறது. வந்து, நின்று, பிரிந்து, சேர்ந்து, திரும்பிப்போகும் பாதையோ மனத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது. வாங்குவதற்குப் பணமும் வட்டத்துக்கு இடமும் இருந்தாலும்கூடப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்த முறையையே பரிந்துரைப்பேன்.

அளவைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1000 மி.மீ. அகலப் பாதையை 87ஆல் வகுத்தால் 11.5 மி.மீ. வருகிறது. ஸ்விட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் மலைப் பாதைகளுக்காக 12 மி.மீ. தண்டவாளம் ஆயத்தமாகவே விற்கப்படுகிறது. அரை மில்லிமீட்டர் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. நம் மீட்டர் கேஜ் மரக்கட்டைகள் 1830 மி.மீ. நீளம் கொண்டவை, அதாவது மாதிரியில் 21 மி.மீ. ஸ்விஸ் தண்டவாளத்தின் கட்டைகளும் ஏறக்குறைய அதே நீளமே. இன்னொரு வசதியும் உண்டு. 1:120 அளவில், மீட்டர் கேஜைவிட அகலமான வழக்கமான ஐரோப்பியப் பாதையைக் குறிக்கும் டிடி வகைக்கும் இதே 12 மி.மீ. இடைவெளிதான். ஜப்பானில் 1067 மி.மீ. பாதைகளை 1:87இல் செய்கிறவர்களும் 12 மி.மீ. தண்டவாளத்தையே பயன்படுத்துகிறார்கள். இந்திய மீட்டர் கேஜ் இன்ஜின்கள் ஆயத்தமாகக் கிடைக்காத நிலையில், ஓடக்கூடிய அடிச்சட்டத்தை மட்டும் இந்த மூன்று வழிகளில் ஏதேனும் ஒன்றில் பெற்று, மேலுடலை நாமே செய்துகொள்ள முடிகிறது. இடம் மிகவும் குறைவாக உள்ளவர்கள் 1:120 அளவும் 9 மி.மீ. தண்டவாளமும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் வேகன்களைப் பிரித்தும் சேர்த்தும் இடம்மாற்றும் ஷண்டிங்கையே முதன்மையாகக் கருதுகிறவருக்கு 1:87இன் எடையும் பிடிமானமும் பெரிய உதவி.

அடிப்பலகைகள் மூன்று, ஒவ்வொன்றும் 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். இரண்டில் நிலையமும் வயலும் இருக்கின்றன, மூன்றாவது மறைவான யார்டு. நீரைத் தாங்கும் தரத்தில் உள்ள 9 மி.மீ. பிளைவுட்டைப் பட்டைகளாக வெட்டிப் பெட்டிச் சட்டமாக இணைத்தேன். நம் ஊர் வெப்பத்தைவிட ஈரப்பதமே பலகைக்குப் பகை. மழைக்காலத்தில் ஊதி, கோடையில் சுருங்கும் மரம் தண்டவாளத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். மேற்புறம் மட்டுமன்றி அடிப்புறம், வெட்டிய விளிம்புகள், வயருக்காகத் துளையிட்ட ஓட்டைகளின் உட்புறம் வரை வார்னிஷ் பூசிவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை நிச்சயமாக வளையும். தண்டவாளத்தை ஒரே நீளமாகப் போடாமல், மீட்டருக்கு ஓர் இணைப்பில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டுவிடுவதும் நல்லது. அந்த இடைவெளியின் இரு பக்கமும் தனித்தனியாக மின்வயர் கொடுத்துவிட்டால் இணைப்பு தளர்ந்தாலும் ஓட்டம் தடைப்படாது. பலகையைத் தரையிலிருந்து 120 செ.மீ. உயரத்தில் வைத்திருக்கிறேன். இயக்குகிறவர் ஒரு முக்காலியில் அமர்ந்தால், நடைமேடையில் நிற்கும் ஒருவரின் கண்மட்டத்துக்குப் பக்கத்தில் பார்வை வருகிறது; மேலிருந்து பார்க்கும்போது நீளம் குறைவாகத் தெரியும் நிலையம், அந்த மட்டத்திலிருந்து பார்க்கும்போது நெடுந்தொலைவு விரிகிறது.

பாதை வரைபடத்தில் கவனிக்கவேண்டிய நீளங்கள் இரண்டே. முதலாவது, லூப்பில், பாதை பிரியும் இடங்களான இரு பாயிண்டுகளுக்கும் இடையே வண்டி நிற்கக்கூடிய தெளிவான நீளம். என் மிக நீளமான வண்டியில் 20 செ.மீ. பயணிகள் பெட்டிகள் இரண்டு, நான்கு சக்கர வேகன்கள் மூன்று, ஒரு கார்டு வேன் இருக்கும். கூட்டினால் இன்ஜின் நீங்கலாக 73 செ.மீ. வருகிறது. ஆகவே லூப்புக்கு 80 செ.மீ. ஒதுக்கினேன். இரண்டாவது, லூப்புக்கு அப்பால் இன்ஜின் மட்டும் போய் நிற்கும் முனை. அது இன்ஜினும் அதன் பின்னே நிலக்கரியும் நீரும் சுமக்கும் டெண்டரும் சேர்ந்த நீளத்தைவிட இரண்டு விரற்கடை அதிகமாக இருந்தால் போதும், குறைந்தால் எதுவுமே நடக்காது. வருங்காலத்தில் பெரிய இன்ஜின் ஒன்று செய்யும் ஆசை இருந்தால், முனையின் நீளத்தை இப்போதே அந்த இன்ஜினுக்காக விட்டுவைக்க வேண்டும். உண்மையான நிலையங்களில் பாயிண்டின் கோணம் பெரும்பாலும் எட்டரைக்கு ஒன்று அல்லது பன்னிரண்டுக்கு ஒன்று. அதை அப்படியே கொண்டுவந்தால் பாயிண்டுகளே இடத்தை விழுங்கிவிடும் என்பதால் ஆறுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன்.

பாயிண்டுகளைக் கையால் செய்தேன், எல்லோரும் ஒருமுறையாவது செய்துபார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சென்னை ரிச்சி தெருவில் மின்னணுச் சுற்றுக்காக விற்கப்படும் செம்பு பூசிய பலகையை வாங்கி, கட்டை அளவுக்குக் கீற்றுகளாக அறுத்து, வரைபடத்தின்மேல் ஒட்டி, அரத்தால் ராவிய தண்டவாளத்தை அவற்றின்மேல் சால்டர் வைத்துப் பற்றவைப்பதுதான் முறை. ஒவ்வொரு கீற்றின் நடுவிலும் செம்பை அறுத்து மின்தொடர்பைத் துண்டிக்க வேண்டும். தண்டவாளம் ஏறிய பிறகு அதைச் செய்வது கடினம், முன்னதாகவே செய்து மீட்டரால் சோதித்துவிடுவது நல்லது. தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் மூக்குப் பகுதியை மின்சாரம் பாயும்படி அமைத்து, பாயிண்டை நகர்த்தும் கம்பியோடு ஒரு சிறிய மைக்ரோ ஸ்விட்சை இணைத்துவிட்டால், பாயிண்ட் திரும்பும்போது மின்முனையும் தானாக மாறும். மூன்று அச்சு மட்டும் மின்சாரம் எடுக்கும் சிறிய இன்ஜினை மிக மெதுவாக ஓட்டவேண்டுமானால் இந்த ஏற்பாட்டைத் தவிர்க்கவே முடியாது.

மின்னமைப்பில் என் வேலையைப் பாதியாகக் குறைத்தது ரயில்வேயின் விதிமுறையே. குட்டையான முட்டுமுனைக் கிளைகளில் ‘ஒரு வண்டி மட்டும்’ என்ற இயக்கமுறையை இந்திய ரயில்வேயின் பொது விதிகள் அனுமதிக்கின்றன. வழியில் இருப்பது ஒரே வண்டி என்பதால், எதிரே வேறொன்று வரும் ஆபத்து இல்லை. அதே விதியை மாதிரிக்கும் எடுத்துக்கொண்டேன். பாதையில் இயங்கும் இன்ஜின் ஒன்றே என்றால் டிஜிட்டல் கட்டுப்பாடு தேவையில்லை. 12 வோல்ட் நேர்மின்சாரமும் நல்ல கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றும் போதும். இன்ஜின் கொட்டகையில் இன்னொன்று நிற்கலாம் என்பதற்காக அந்த ஒரு முனைக்கு மட்டும் தனி ஸ்விட்ச் வைத்தேன். மிச்சமான பணத்தை இன்ஜினின் பற்சக்கரப் பெட்டிக்குச் செலவிட்டேன், அந்தச் செலவு ஒவ்வொரு நாளும் பயன் தருகிறது.

இன்ஜின் ஒய்எல் வகையை ஒட்டியது. சுதந்திரத்துக்குப் பின் மீட்டர் கேஜுக்காகத் தரப்படுத்தப்பட்ட நீராவி இன்ஜின்களில் ஒய்பி பயணிகளுக்கு, ஒய்ஜி சரக்குக்கு, ஒய்எல் இலேசான தண்டவாளம் போட்ட கிளைப் பாதைகளுக்கு. 2-6-2 சக்கர அமைப்பு கொண்ட அதன் உடலைப் பித்தளைத் தகட்டில் செய்து, வாங்கிய அடிச்சட்டத்தின்மேல் ஏற்றினேன். என் மாதிரியில் இயக்குசக்கரத்தின் விட்டம் 12.5 மி.மீ. மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் இடையே குறைந்தது 40க்கு ஒன்று என்ற வேகக்குறைப்பு இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். அப்போது 40 கி.மீ. வேகத்துக்குச் சமமான ஓட்டத்தில்கூட மோட்டார் நிமிடத்துக்கு 8000 சுற்றைத் தாண்டாது. அதற்குக் கீழே நத்தை வேகம் வரை கட்டுப்பாடு கைக்குள் இருக்கும். டெண்டரின் எல்லாச் சக்கரங்களிலிருந்தும் மின்சாரம் எடுக்க வைத்து, உள்ளே ஈயத்துண்டுகளால் எடை ஏற்றினேன். இன்ஜினை முன்பின்னாகத் திருப்பும் சுழல்மேடை இல்லாத கடைசி நிலையங்களிலிருந்து இன்ஜின் டெண்டர் முன்னால் இருக்கும்படியே திரும்பிப்போகும். மாதிரியிலும் அப்படித்தான். இலேசான டெண்டரை முன்னால் தள்ளிக்கொண்டு பாயிண்டுகளைக் கடப்பது தடம்புரளலுக்கு அழைப்பு விடுப்பதாகும். எடை அதற்கு மருந்து.

மறைவான யார்டுக்குப் பாயிண்டுகள் எதுவும் வைக்கவில்லை. ஒரு மீட்டர் நீள மரப்பலகையின்மேல் 15 மி.மீ. அலுமினிய எல்-ஆங்கிள் இரண்டை, கிடைத்தகடுகளின் உள்விளிம்புகள் 12 மி.மீ. இடைவெளியில் இருக்கும்படி ஒட்டிவிட்டால் அதுவே தண்டவாளம். தகட்டின் கனம் 1.5 மி.மீ. இருப்பதால் சக்கரத்தின் விளிம்பு அடிப்பலகையில் இடிக்காது. நிமிர்ந்து நிற்கும் பக்கத்தகடுகள், பலகையைத் தூக்கும்போது வண்டி சாய்ந்து விழாமல் காக்கின்றன. கேசட் என்று அழைக்கப்படும் இத்தகைய பலகைகள் என்னிடம் நான்கு உள்ளன; ஒவ்வொன்றிலும் ஒரு முழு வண்டி காத்திருக்கிறது. இன்ஜினுக்கு மட்டும் தனியாக ஒரு குட்டைக் கேசட். அதைக் கையில் எடுத்து முன்பின்னாகத் திருப்பிவைத்தால், மறைவான யார்டு குறிக்கும் ஜங்ஷனில் இன்ஜின் சுழல்மேடையில் திரும்பிவந்ததாகக் கணக்கு.

பெட்டிகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பிளாஸ்டிக் தகட்டை லேசர் கடையில் வெட்டி வாங்கி ஒட்டினால் மரப் பெட்டிகளின் ஜன்னல் வரிசை நேராக வந்துவிடும். கொக்கியைப் பற்றி மட்டும் ஒரு சொல். நம் மீட்டர் கேஜ் வண்டிகளின் நடுத்தாங்கியும் கொக்கியும் பார்க்க அழகானவை. அவற்றை ஷண்டிங் செய்யக்கூடிய வகையில் இந்த அளவில் செய்வது அரிது. வண்டிவரிசையின் உள்ளே பிரிக்கவேண்டாத இடங்களில் மட்டும் உண்மைக் கொக்கியைப் போன்றதைப் பொருத்தி, பிரியவேண்டிய முனைகளில் தண்டவாளத்துக்கடியில் உள்ள காந்தத்தால் திறக்கும் காடீ இணைப்பியைப் பொருத்தியிருக்கிறேன். தோற்றத்தில் இந்த விட்டுக்கொடுத்தலை நான் மனமறிந்து செய்தேன், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் விரலால் பெட்டியைத் தூக்கிப் பிரித்தால் அந்த உலகம் உடனே கலைந்துவிடும்.

கழிமுகத்தை மாதிரியாகச் செய்வதில் உள்ள பெரிய சவால் அதன் சமதளம். மலை இல்லை, குகை இல்லை. வண்டி மறைவான யார்டுக்குள் நுழையும் இடத்தை எதனால் மறைப்பது? சுரங்கத்தைக் கொண்டுவந்து வைத்தால் அந்த மண்ணே பொய்யாகிவிடும். சாலைப் பாலம்கூட அந்த ஊர்களுக்குப் பொருந்தாது. வாய்க்கால் ஒன்றைத் தண்டவாளத்துக்குக் குறுக்கே சாய்வாக ஓடவிட்டு, அதன் இரு கரையிலும் மூங்கில் புதரும் தென்னந்தோப்பும் முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு அடுக்கு நட்டேன். முன்பக்க அடுக்கில் அரிசி ஆலை ஒன்றின் சுவரும் புகைபோக்கியும் வருகின்றன. வண்டி முதலில் தென்னைகளுக்கு நடுவே துண்டுதுண்டாகத் தெரிந்து, பிறகு ஆலைச் சுவருக்குப் பின்னால் போகிறது. பின்னணி வானத்தில் வெட்டியிருக்கும் திறப்பைப் பார்ப்பவர் தேடினாலும் காண்பதில்லை.

அந்த ஊர்ப் பாதைகள் வெள்ளத்துக்காகச் சற்றே உயர்த்திய மண்கரையின்மேல் செல்பவை. ஆகவே தண்டவாளம் போட்ட பலகையைவிட வயல்கள் ஓர் அங்குலம் தாழ்ந்திருக்கவேண்டும். இதை அடிப்பலகை செய்யும்போதே திட்டமிட்டு, தண்டவாளத்துக்கு மட்டும் மேலடுக்கும் வயலுக்குக் கீழடுக்குமாகச் சட்டத்தை அமைக்க வேண்டும். பின்னால் செதுக்குவது பெருந்தொல்லை. வயல்களை ஒரே பச்சையாகச் செய்யாமல், நாற்றங்காலின் இளம்பச்சை, நட்டு முடித்த வயலில் நீருக்கு மேலே தெரியும் நுனிகள், கதிர் முற்றிய மஞ்சள், அறுத்த தாள் என்று அடுத்தடுத்துப் பிரித்திருக்கிறேன். ஒரே நேரத்தில் இவை அனைத்தும் ஓரிடத்தில் இருப்பது சற்று மிகைதான் என்றாலும், இரண்டு மூன்று வயல்களைக் கழற்றி மாற்றக்கூடிய தட்டுகளாகச் செய்திருப்பதால் பருவத்துக்கேற்ப மாற்றிக்கொள்கிறேன். நிலையக் கட்டடத்துக்கு மங்களூர் ஓடு, தண்டவாள மட்டத்திலேயே உள்ள நடைமேடை, வேப்பமரம், மணிக்குப் பதிலாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு, ஊருக்குள் நுழையுமிடத்தில் ஒரு கைகாட்டி. மஞ்சள் பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல்மட்டத்திலிருந்து உயரத்தையும் எழுதினேன். கடலோர நிலையத்தில் அந்தச் சிறிய எண்ணே இடத்தைச் சொல்லிவிடுகிறது.

மண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். உண்மையான மண்ணைச் சலித்துத் தூவுவதைவிடச் சிறந்த நிறம் எந்த வண்ணக் குப்பியிலும் கிடைக்காது. ஆனால் கடற்கரை மணலைத் தொடவே கூடாது. நம் கிழக்குக் கரை மணலில் காந்தம் ஈர்க்கும் கருந்துகள்கள் கலந்திருக்கின்றன. அவை மோட்டாருக்குள் போய்ச் சேரும். அதன் உப்பு தண்டவாளத்தையும் சால்டர் இணைப்புகளையும் அரிக்கும். வயல் மண்ணையும் வாணலியில் வறுத்து, நைலான் துணியில் சலித்து, காந்தத்தைப் பலமுறை மேலே நகர்த்திச் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும். ஒட்டுவதற்கு ஃபெவிகாலைச் சம அளவு நீரில் கலந்து, ஒரு துளி பாத்திரம் தேய்க்கும் திரவம் சேர்த்தால் மண்ணுக்குள் இறங்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகு தொடங்குவதே உண்மையான வேலை. அட்டவணையை நான் பாதைக்கு முன்பே எழுதிவிட்டேன் என்று சொன்னேன். அதை எழுதியது நிலமும் நீரும்தான். மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்கு நீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. என் பாதையில் அந்த வாரத்திலிருந்து உர மூட்டை வேகன்கள் வரத்தொடங்கும். குறுவை அறுவடைக்குப் பின் நெல் மூட்டைகள் வெளியே போகும். மழை வலுக்கும் மாதங்களில் சரக்கு குறையும். தை மாசியில் சம்பா அறுவடையோடு கூட்ஸ் ஷெட் நிரம்பி வழியும். மண்ணெண்ணெய் டேங்கரும் சிமெண்டும் ஆண்டு முழுவதும் அவ்வப்போது வரும். திருக்கடையூர் வழியாக வரும் பாதை என்பதால், சஷ்டியப்த பூர்த்திக்கு வரும் குடும்பங்களுக்காக முகூர்த்த நாட்களில் ஒரு பெட்டி கூடுதலாக இணைக்கப்படும். அந்தக் கூடுதல் பெட்டி வந்த நாளில் வண்டி 93 செ.மீ. ஆகிவிடும், லூப்பில் அடங்காது. அன்றைக்குக் கார்டு வேனை முன்னதாகப் பிரித்துக் கூட்ஸ் பாதையில் தள்ளிவிட்டு, வேகன்களையும் இரண்டு தவணையாக நகர்த்த வேண்டியிருக்கிறது. இடம் போதாமை தரும் இந்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை.

ஒவ்வொரு வேகனுக்கும் ஓர் அட்டை இருக்கிறது. அது ஏற்றுவதா, இறக்குவதா, ஷெட்டில் எந்தக் கதவுக்கு எதிரே நிற்கவேண்டும் என்பது அட்டையில் இருக்கும். பருவத்துக்கேற்ற அட்டைக் கட்டிலிருந்து குலுக்கி எடுப்பதால், நாளைய வேலை என்ன என்பது எனக்கே தெரியாது. மூன்றே மூன்று முட்டுமுனைகள் கொண்ட இடத்தில் இது எவ்வளவு விரியும் என்பதற்கு ஆலன் ரைட்டின் இங்கிள்நூக் சைடிங்ஸ் நல்ல சான்று. ஐந்து, மூன்று, மூன்று வேகன்கள் கொள்ளும் முனைகளில் எட்டு வேகன்களை வைத்து, குலுக்கி எடுத்த ஐந்தை அதே வரிசையில் அமைக்க வேண்டும்; அப்படி வரக்கூடிய வரிசைகள் மொத்தம் 6720. முழு நிலையம் கட்ட இடமில்லாதவர் அந்த அமைப்பை மட்டும் ஒரு மேசை நீளத்தில் கட்டி, நெல் மூட்டையும் உரமும் ஏற்றி இறக்கத் தொடங்கலாம். பிற்காலத்தில் அதுவே பெரிய நிலையத்தின் கூட்ஸ் யார்டாகிவிடும்.

வேகத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது, அளக்க வேண்டும். மணிக்கு 30 கி.மீ. என்பது 1:87இல் நொடிக்கு 9.6 செ.மீ. அதாவது என் நிலையப் பலகைகள் இரண்டையும் கடக்க வண்டிக்கு 25 நொடிகள் ஆகவேண்டும். ஷண்டிங்கின் உச்ச வேகமான 15 கி.மீ. அளவில் ஒரு மீட்டரைக் கடக்க 21 நொடி. முதன்முதலாக ஓட்டுகிறவர்களுக்கு இது தாங்கமுடியாத மெதுவாகத் தோன்றும். தண்டவாளத்தருகில் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு சிறிய மைல்கற்களை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஓட்டப் பழகினால் சில நாளில் கை தானாகவே அந்த வேகத்துக்கு வந்துவிடும். பிறகு வேறு எந்த வேகமும் கண்ணுக்குப் பொருந்தாது.

வேகத்தைவிட முக்கியமானது நிற்கும் நேரம். இதை எனக்குக் கற்றுத்தந்தவர் என் பெரியப்பா. மீட்டர் கேஜ் காலத்தில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். மாதிரி ஓடுவதை நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பெட்டியத் தொட்டவுடனே இன்ஜின் கெளம்பிடுதே, நடுவுல கொக்கி மாட்டுறவன் என்னப்பா ஆவான்?” என்று கேட்டார். அவர் கேட்டது விளையாட்டுக் கேள்வியன்று. இரண்டு தாங்கிகளுக்கு நடுவே குனிந்து நின்று வேலைபார்த்தவரின் கேள்வி. அன்றிலிருந்து என் பாதையில் ஓர் ஒழுங்கு உண்டு. இன்ஜின் பெட்டிக்கு ஒரு கை தூரத்தில் நிற்கும். கைச்சைகை கிடைத்த பின் மெல்லத் தொடும். கொக்கி மாட்டி, குழாய் இணைத்து, ஆள் வெளியே வரும்வரை காத்திருக்கும். புறப்படும் வண்டி என்றால், பிரேக் குழாயில் வெற்றிடம் உண்டாவதற்கு இன்னும் ஒரு நிமிடம். பாயிண்டைத் திருப்புவதற்கு முன், பாயிண்ட்ஸ்மேன் அதுவரை நடந்துபோகும் நேரத்தையும் தருகிறேன். இந்த இடைவெளிகளைச் சேர்த்தபோது நிலையத்தில் ஒரு வண்டி வந்து திரும்பும் வேலை சில நிமிடங்களிலிருந்து அரை மணிக்கு நீண்டது. அந்த அரை மணியில் ஒரு நொடிகூட வெறுமையாக இல்லை. பாதையை நீட்டாமலே பெரிதாக்கும் வழி வேறெதையும் நான் அறியேன்.

இரண்டு பேர் சேர்ந்து இயக்குவது இன்னும் நன்று. ஒருவர் ஜங்ஷன், அதாவது கேசட் பக்கம். மற்றவர் உப்பங்கரையின் ஸ்டேஷன் மாஸ்டரும் ஓட்டுநரும். இருவருக்கும் நடுவே மணி மட்டும்; பேச்சு கிடையாது. வண்டி எடுக்கலாமா என்பதற்கு ஓர் அடி, புறப்பட்டுவிட்டது என்பதற்கு இரண்டு அடி, வந்து சேர்ந்தது என்பதற்கு மூன்று அடி என்று எங்களுக்குள் எளிய வழக்கம் வைத்திருக்கிறோம். வண்டியோடு கூடவே சிவப்பு வண்ணம் பூசிய ஒரு மரக்கோல் கைமாறும். கோல் கையில் இல்லாதவர் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தொடக்கூடாது. குழந்தைகளுக்கு இந்த ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்தால், ஒற்றைப் பாதையில் வண்டிகள் ஏன் மோதுவதில்லை என்பதை அவர்கள் கேட்காமலே புரிந்துகொள்கிறார்கள்.

பராமரிப்பில் தூசிதான் முதல் எதிரி. மின்விசிறி சுழலும் அறையில் தண்டவாளம் ஓரிரு நாளிலேயே மங்கிவிடும். உப்புத்தாளால் தேய்ப்பதைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அது விட்டுச்செல்லும் நுண்கீறல்களில் அழுக்கு இன்னும் விரைவாகச் சேரும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த பருத்தித் துணியால் துடைத்து, இயக்காத நேரங்களில் முழுப் பாதையையும் மெல்லிய துணியால் மூடிவைக்கிறேன். ஐப்பசி கார்த்திகை மழையில் பாயிண்டுகளின் இடைவெளியையும் பலகைகள் சேரும் இடங்களையும் வாரந்தோறும் அளவுகோலால் பார்க்கிறேன். வண்டிகளின் சக்கர இடைவெளியைச் சோதிக்க ஒரு பித்தளை அளவியும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஒரே இடத்தில் ஒரு வேகன் தடம்புரண்டால் வேகனையும், பல வேகன்கள் புரண்டால் பாதையையும் சோதிப்பது என்ற வரிசையில் போனால் நேரம் வீணாவதில்லை.

அடுத்ததாக, நிலையத்துக்கும் மறைவான யார்டுக்கும் நடுவே இன்னொரு பலகையைச் சேர்த்து, இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடந்துசெல்லும் ஓர் இடைநிலையம் அமைக்கவிருக்கிறேன். அப்போது ஒரு வண்டி மட்டும் என்ற விதி செல்லாது. மரக்கோலுக்குப் பதிலாக, நம் ஒற்றைப் பாதைகளில் நெடுங்காலம் இருந்த நீல் (Neale) டோக்கன் கருவியின் முறையில், இரு முனைகளிலும் பூட்டிய பெட்டியிலிருந்து ஒரு நேரத்தில், ஓட்டுநருக்கு அனுமதியாகத் தரும் டோக்கனான ஒரே பந்து மட்டும் வெளிவரும்படி மின்பூட்டு செய்யவேண்டும். பாதையை இரண்டு மின்பகுதிகளாகப் பிரித்து, டோக்கன் வெளியே வந்தால் மட்டுமே அந்தப் பகுதிக்கு மின்சாரம் கிடைக்கும்படி அந்தப் பூட்டோடு இணைத்துவிட்டால், விதியை மீறி வண்டியை நகர்த்தவே முடியாது. பெட்டிக்கான ரிலேக்களை வாங்கிவிட்டேன். இரும்பு வளையத்தில் பையைத் தொங்கவிட்டு டோக்கனைக் கைமாற்றும் முறையைப் பெரியப்பாவிடம் கேட்டு வரைந்துகொண்டிருக்கிறேன்.